இடக்கரடக்கல்

என் மனைவி கொல்லைப்புற அறைக்குச் சென்று அறுபத்தோரு நாள் ஆகியிருந்தது. மாதந்தோறும் பெண்கள் மூன்று நாள் விலகியிருப்பதற்கென்று கட்டப்பட்ட அறை அது. கிணற்றடிக்கும் விறகுக் கொட்டிலுக்கும் நடுவே, ஒரு பாயும் ஒரு செம்பும் கொள்ளுமளவே இருக்கும். நான்காம் நாள் விடியலில் தலைக்கு நீர் விட்டுக்கொண்டு வீட்டுக்குள் வருவது முறை. அவளுக்கு அந்த நான்காம் நாள் வரவில்லை. குருதி நிற்கவில்லை. நிற்கும்வரை நீராட்டு இல்லை. நீராட்டு ஆகும்வரை வீட்டுக்குள் இடம் இல்லை. எங்கள் தெருவில் எவரும் இதைக் கொடுமை என்று எண்ணியதில்லை. நானும் எண்ணவில்லை என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும்.

திருவனந்தபுரத்தில் கோட்டைக்குள், அக்கிரகாரத் தெரு ஒன்றில் வாடகைக்குக் குடியிருந்தோம். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாக்கப்பட்டு ஓரிரண்டு ஆண்டுகளே சென்றிருந்தன. நான் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கல்லூரியில் தமிழ் விரிவுரையாளனாக வந்தவன். மலையாளம் படிப்பேன், கடைத்தெருவில் பேசிச் சமாளிப்பேன். அம்மொழியின் வீட்டுக்குள் நான் நுழைந்ததில்லை. எனக்கு முப்பத்து நான்கு வயது, மனைவிக்கு இருபத்தேழு. மணமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகியும் மக்கட்பேறு இல்லை. எங்கள் இருவரோடு என் தாயாரும் இருந்தார்.

முந்தைய ஆண்டிலிருந்தே அவள் உடல் ஒழுங்கு தவறியிருந்தது. இரண்டு மூன்று மாதம் ஒன்றும் இராது. வீட்டில் எவரும் வாய்திறந்து சொல்லாத ஒரு நம்பிக்கை மெல்ல எழும். பிறகு அணை உடைந்தாற்போல் வந்து அந்த நம்பிக்கையை அடித்துச் செல்லும். ஆனால் அறுபத்தோரு நாள் நீடித்தது அதுவே முதன்முறை.

காலைதோறும் தாயார் கிணற்றடியில் நின்று கேட்பார்.

"நின்னுதோ?"

"இல்லைம்மா."

"நேத்திக்குக் கொறஞ்சாப்ல இருக்குன்னியே?"

"காத்தால மறுபடியும் வந்துடுத்து."

தாயார் அத்திப்பட்டைக் கஷாயத்தையும் சோற்றிலையையும் படியில் வைத்துவிட்டு விலகிக்கொள்வார். மருமகளைக் கடிந்து ஒரு சொல் சொன்னவர் அல்லர். இலையில் நெய் மட்டும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே வந்தது.

அறுபத்தோராம் நாள் நண்பகலில் அவள் கிணற்றடியில் மயங்கி விழுந்தாள். அப்போது வீட்டிலிருந்த தாயார் தீட்டென்று தயங்காமல் ஓடிச்சென்று இரு கைகளாலும் வாரித் தூக்கி, பாயில் கிடத்திய பிறகே தாம் தலைமுழுகினார். மாலையில் நான் வந்தபோது ஈரத்தலையோடு நின்றிருந்தார்.

"நாளைக்கே டாக்டரைப் போய்ப் பாருடா. நகமெல்லாம் காகிதமாட்டம் வெளுத்துக் கெடக்கு."

"அவளையும் அழைத்துப் போகட்டுமா?"

"இந்த நெலமையிலே வண்டியிலே எப்படி ஏத்தறது? அந்த டாக்டரும் ஆம்பளை. நீ போய்ச் சொல்லு. நாளெல்லாம் பேசறதுதானே உனக்கு உத்தியோகம்."

எனக்கு உள்ளூர ஆறுதலாகவே இருந்தது. மனைவி கதவில் சாய்ந்தபடி சொன்னாள்:

"ஏன்னா, எல்லாத்தையும் சொல்லுங்கோ. அறுபத்தோரு நாள்னு சொல்லுங்கோ. மொட்டையா ரெண்டு மாசம்னு சொல்லிட்டு வந்துடாதேங்கோ. கட்டி கட்டியா வரதுன்னு சொல்லணும். மறந்துடுவேளோ?"

"மறக்க மாட்டேன்" என்றேன்.

தமிழ் இலக்கணத்தில் இடக்கரடக்கல் என்று ஒன்று உண்டு. அவையில் சொல்லத்தகாத ஒன்றை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது. மலம் கழித்து வந்தவன் 'கால் கழுவி வந்தேன்' என்பான். அந்த வாரந்தான் வகுப்பில் அதைக் கற்பித்திருந்தேன். பின்வரிசையில் இருவர் நகைத்தபோது, ஒரு மொழியின் நாகரிகத்தை அளக்க அது எவற்றைச் சொல்லாமல் விடுகிறது என்று பாருங்கள் என்று அவர்களைக் கண்டித்தேன். அதை மனமார நம்பினேன்.

சாலைக் கடைவீதிக்குப் போகும் வழியில் இருந்தது அந்த மருத்துவரின் அறை. மூத்தவர், மலையாளி, நல்லவர் என்று பெயரெடுத்தவர். அவர் மேசைக்கும் நோயாளிகள் காத்திருக்கும் விசுப்பலகைக்கும் இடையே இடுப்பளவு மரத்தடுப்பு ஒன்றே இருந்தது. பலகையில் ஐந்தாறு பேர். அவர்களுள் இருவர் எங்கள் தெருவினர். என்னைக் கண்டதும் கைகூப்பினர்.

"எந்தா விசேஷம்?" என்றார் மருத்துவர்.

குரலைத் தாழ்த்தி, "என் மனைவிக்கு… நீராட்டு இல்லை" என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நீராட்டோ? நீராட்டு ஆனெக்கல்லே, சாமீ?"

மலையாளத்தில் நீராட்டு என்பது யானைக்கும் அரசர்க்கும் உரிய சொல் என்று பின்னர் அறிந்தேன். பலகையில் சிரிப்பு எழுந்தது. என் காதுகள் சுட்டன.

"குளி" என்றேன். "குளிக்கவில்லை."

"ஓ, குளி தெற்றியோ?" அவர் முகம் மலர்ந்தது.

தெற்று என்றால் தவறு, குளி தவறிவிட்டது. சரியாகத்தான் புரிந்துகொண்டார் என்று கருதினேன். "ஆம்" என்றேன்.

"எத்ரயாயி?"

"ரெண்டு மாசம்."

"ஆத்யமாணோ?"

முன்பு இவ்வளவு நீண்டதில்லை. "ஆம், இதுதான் முதல்."

"இப்போ ரக்தம் காணுந்நுண்டோ?"

அவர் அந்தச் சொல்லை உரக்கச் சொன்னார். நான் தலையைக் குனிந்து அசைத்தேன். அறுபத்தோரு நாள் என்பதும், கட்டி கட்டியாக என்பதும் தொண்டைவரை வந்தன. பலகையில் இருந்தவர்கள் அமைதியாகிவிட்டிருந்தனர்.

மருத்துவர் முகம் கவலை கொண்டது. "பேடிக்கண்டா. அலசாதிரிக்கான் மருந்நு தராம். அனங்ஙாதெ கிடக்கட்டே" என்று ஒரு சீட்டில் எழுதினார். பயப்பட வேண்டாம், அசையாமல் படுத்திருக்கட்டும் என்பவை புரிந்தன. அவள் அலுத்துத்தான் கிடந்தாள். அலசல் என்பதை அலுப்பு என்று கொண்டேன். சீட்டின் ஆங்கிலக் கிறுக்கலில் அச்சுறுத்தல் என்னும் பொருளுடைய ஒரு சொல்லை மட்டும் படிக்க முடிந்தது. உயிருக்கு அச்சம் என்கிறார் போலும் என்று நடுங்கி, எஞ்சியதைப் படிக்க முயலாமல் மடித்து வைத்துக்கொண்டேன்.

குளி தெற்றுதல் என்பது அந்நாட்டு வழக்கில் பெண் சூல் கொள்வதைக் குறிக்கும். அலசுதல் என்றால் கருச்சிதைவு. இரண்டு மாதச் சூல், முதற்சூல், இப்போது குருதி காண்கிறது. கரு சிதையாதிருக்க மருந்து. சீட்டில் நான் கண்ட அச்சுறுத்தலும் கருவுக்கு நேர்ந்ததே. என் விடைகள் ஒவ்வொன்றும் அந்த முடிவுக்குப் படிக்கட்டாக அமைந்தன. முழுகாமல் இருக்கிறாள் என்று தாமிரபரணிக் கரையிலும் சொல்கிறோம். அந்த ஒப்புமைகூட அன்று எனக்கு உறைக்கவில்லை.

மாத்திரைக்கு ஸ்டில்பெஸ்ட்ரால் என்று பெயர். சிறிய, வெண்ணிற மாத்திரை. கருவைக் காக்கும் என்று அந்நாளில் பல மருத்துவர்கள் அதைக் கொடுத்துவந்தனர். ஐந்தாம் நாள் குருதி நின்றது.

அவள் நீராடி, ஈரக்கூந்தலை முடிந்துகொண்டு அடுக்களைக்குள் வந்தபோது தாயார் கண்களைத் துடைத்துக்கொண்டார். மருத்துவர் நிறுத்தச் சொல்லவில்லையாதலால் மாத்திரையைத் தொடர்ந்து வாங்கிவந்தேன். இரண்டு வாரத்தில் அவளுக்குக் குமட்டல் தொடங்கியது. காலையில் வாந்தி, காப்பி மணம் ஆகவில்லை, மார்பு கனக்கிறது என்றாள். இவையெல்லாம் அந்த மாத்திரையின் வேலை என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

தாயார் ஒருநாள் என்னைத் தனியே அழைத்து, "முழுகாம இருக்காளோன்னு தோணறதுடா. யார்கிட்டேயும் வாயை விடாதே" என்றார்.

அன்று மனைவி சோறு பரிமாறும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "உங்க டாக்டர் பலே கெட்டிக்காரராக்கும். ஒரே மாத்திரையிலே ரெண்டு காரியம்."

அத்தகைய முகத்தை ஒன்பது ஆண்டுகளில் நான் அவளிடம் கண்டதில்லை. ஐந்து வாரம் அது நீடித்தது.

ஒரு முற்பகலில் மாவரைத்துக்கொண்டிருந்தவள் எழ முயன்று, எழாமலே சரிந்தாள். ஆட்டுக்கல்லைச் சுற்றிச் செந்நீர் பரவியது. தம்பானூரிலிருந்து வாடகைக் கார் கொண்டுவந்தேன். இம்முறை தாயார் தீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மருமகளின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு தாமே ஏறி அமர்ந்தார். "கொழந்தே, கண்ணை மூடாதே, கண்ணை மூடாதே" என்று மருத்துவமனை வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

அரசு மகளிர் மருத்துவமனையில் அவளைப் பார்த்தவர் நாகர்கோவில் பக்கத்துப் பெண் மருத்துவர். தடித்த உருவம், நேரான பேச்சு. மயக்க மருந்து கொடுத்துக் கருப்பையின் உட்தோலைச் சுரண்டி எடுத்த பிறகே குருதி அடங்கியது. சுரண்டியதை ஆய்வுக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார். அவர் கையில் என் பழைய சீட்டு இருந்தது.

"இவங்க கர்ப்பம்னு யாருய்யா சொன்னா?"

"கர்ப்பமா?" என்றேன். "அவரிடம் நான் குளி தவறியது என்றுதான்…"

அவர் என்னையே பார்த்தார். முன்னவர் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன விடைகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். சொல்லிவரும்போதே, எந்த இடத்தில் என்ன நேர்ந்தது என்று எனக்கு விளங்கிவிட்டது.

"கேளுங்க. கர்ப்பம் இல்ல, எப்பவும் இருந்ததும் இல்ல. கர்ப்பப்பை உள்தோலு கம்பளி மாதிரித் தடிச்சுக் கெடக்கு. இடப்பக்க ஓவரியில எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கட்டி. அது சும்மா கெடக்குற கட்டி இல்ல, சுரக்குற கட்டி. பொம்பளை உடம்புக்கு வேண்டிய சுரப்பு ஒண்ணு உண்டு. இவங்களுக்கு அது அளவுக்கு மீறி ஊறிக்கிட்டே இருக்கு. அதனாலதான் நிக்காத போக்கு. நீங்க அதே சுரப்பை மாத்திரையாக்கி மேல மேல குடுத்திருக்கீங்க."

"ஆனால் மாத்திரையால் நின்றதே, அம்மா?"

"நெறைய ஊத்தினாக் கொஞ்ச நாளு நிக்கும். உள்தோலு தடிச்சுத் தடிச்சு ஒருநாளு மொத்தமா இடிஞ்சு விழும். அதான் நடந்தது."

"சூலகத்துக்கு வேறு மருந்து…"

"பேரு என்னவும் வச்சுக்கிடுங்க. எதிரா வேல செய்யுற ஊசி ஒண்ணு உண்டு, போடச் சொல்லியிருக்கேன். கொஞ்ச நாளு அடக்கி வைக்கும், அவ்வளவுதான். கட்டி இருக்குற வரைக்கும் அது ஊறும். எடுக்கணும். கர்ப்பப்பையையும் சேத்து எடுக்கணும்."

"உடனே செய்யுங்கள்."

"அவங்க ஒத்துக்கிடல்லியே."

உண்மையில் மனைவி மறுத்திருந்தாள். தன் வயிற்றில் ஒரு கரு தங்கி அழிந்தது என்று உறுதியாக நம்பினாள். பழைய சீட்டில் அப்படி எழுதியிருப்பதைத் தாதி ஒருத்தி படித்துச் சொல்லியிருந்தாள். இந்த மருத்துவர் இல்லை என்று சொன்னது தன்னை அறுவைக்கு இணங்க வைப்பதற்கே என்பது அவள் எண்ணம்.

"நீங்க கையெழுத்துப் போட்டாச் சட்டத்துக்குப் போதும்" என்றார் மருத்துவர். "ஆனா வேண்டாம்னு அழுதுக்கிட்டு இருக்குறவளை நான் மேசையில கெடத்த மாட்டேன். அந்தச் சீட்டு நீங்க சொல்லி எழுதினது. நீங்களே போயிச் சொல்லுங்க. இன்னைக்கே சொல்லுங்க."

சொல்லத்தான் போனேன். அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். பக்கத்துக் கட்டிலில் நான்காம் பேற்றுக்கு வந்திருந்த ஒரு மலையாளப் பெண்மணி அவள் கையைப் பற்றியிருந்தாள்.

"ஏன்னா, இந்த அக்கா சொல்றா, அவளுக்கும் மொதல்லே இப்படித்தான் கலைஞ்சு போச்சாம். ஒரு தடவை தங்கினா அடுத்த தடவை நிச்சயம் தங்குமாம். வயத்தையே எடுத்துட்டா அப்புறம் எங்கே தங்கும்? நீங்க அந்த டாக்டரம்மாகிட்டே கறாராச் சொல்லிடுங்கோ."

அவள் அழுதிருந்தாள். எனினும் அந்த அழுகையில் ஒரு பெருமிதம் கலந்திருந்தது. மலடி என்ற சொல்லைத் தெருவில் கேட்டும் கேளாதவளாய்க் கடந்து நடந்தவள் அவள். இப்போது இழந்தவர்களின் வரிசையில் ஓர் இடம் கிடைத்திருந்தது. அதை அவளிடமிருந்து பறிக்க எனக்கு நா எழவில்லை. நாளை சொல்வோம் என்று வந்துவிட்டேன்.

அவ்வாறே ஒன்பது நாள் சென்றன. நாள்தோறும் கல்லூரி முடிந்ததும் மருத்துவமனைக்குச் செல்வேன். வழியெல்லாம் வாக்கியங்களை அமைப்பேன். கட்டிலருகே நின்றதும் அவை கலைந்துவிடும். அவள் ஒருநாள், "ஆம்பளைக் கொழந்தையா இருந்திருக்குமோ?" என்றாள். மற்றொரு நாள் தாயார் செய்தனுப்பிய பொரிவிளங்காய் உருண்டையைக் கூடத்துப் பெண்களுக்கெல்லாம் பங்கிட்டுக் கொடுத்தாள். ஊசியால் முழுமையாக அடங்காமல் குருதி சிறிது சிறிதாகக் கசிந்துகொண்டிருந்தது. பெண் மருத்துவர் எதிர்ப்படும்போதெல்லாம், "சொன்னீங்களா?" என்பார். "இன்று சொல்கிறேன்" என்பேன். ஏழாம் நாளுக்குப் பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

பத்தாம் நாள் காலை கல்லூரிக்கு ஆள் வந்தது. ஓடினேன். மீண்டும் பெருகியிருந்தது. கட்டிலின் கால்மாட்டைச் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தனர். உதடுகள் சுண்ணாம்பாய் இருந்தன. கண்கள் மட்டும் தெளிவாக இருந்தன. கூடம் முழுவதும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"குழந்தை இல்லை" என்றேன். "எப்போதுமே இல்லை. அந்த மருத்துவரிடம் நான் இரத்தம் என்று சொல்லவில்லை. அறுபத்தோரு நாள் என்றும் சொல்லவில்லை. குளிக்கவில்லை என்றேன். அவர் கர்ப்பம் என்று புரிந்துகொண்டார். வாந்தி அந்த மாத்திரையால் வந்தது. உன் வயிற்றில் இருப்பது ஒரு கட்டி."



"கட்டி கட்டியா வரதுன்னு சொன்னேளா?"

"இல்லை."

"ஏன்?"

"வெளியே ஆட்கள் இருந்தார்கள்."

"எத்தனை பேர்?"

"ஐந்தாறு பேர்."

அவள் மேற்கூரையைப் பார்த்தாள். பிறகு, "நான் பேர்கூட வெச்சுட்டேன்" என்றாள். என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து, "அம்மாகிட்டே இதைச் சொல்ல வேண்டாம். தாங்கமாட்டா" என்றாள். பின்னர் தாதியைப் பார்த்து, "எங்கே கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டாள். பேனாவை அவள் விரல்களுக்கிடையே வைத்துத் தாதி பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இரண்டு புட்டிக் குருதி கிடைத்தது. மூன்றாவது கிடைக்கவில்லை, என் குருதி அவளோடு பொருந்தவில்லை. அன்று பிற்பகலே அறுவை நடந்தது. கட்டியையும் கருப்பையையும் முழுமையாக எடுத்துவிட்டதாக மருத்துவர் சொன்னார். மறுநாள் அவள் கண் திறந்து, தாகம் என்றாள். பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தார் தாயார். மூன்றாம் நாள் முற்பகல் பதினொரு மணியளவில், தாயாரும் நானும் அருகில் இருக்கும்போதே, மூச்சு நின்றது. தாயார் முதலில் கவனிக்கவில்லை. நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

மூன்று வாரம் கழித்து, எடுத்த கட்டியின் ஆய்வு முடிவு வந்திருப்பதாகச் சொல்லியனுப்பினர். புற நோயாளிகள் பகுதியில் மருத்துவர் அமர்ந்திருந்தார். வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"கட்டி உறையத் தாண்டி எங்கயும் பரவல்ல. எடுத்தாச்சுன்னா அதோட தீர்ந்துபோற சாதி."

"அப்படியானால் அவள்…"

"கட்டியால அவங்க சாகல்ல. ரத்தம் இல்லாமச் செத்தாங்க."

பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமிடப் பதிவேட்டை நீட்டினார். கையொப்பமிட்டேன். வரிசையில் முதலாவதாக நின்ற பெண்ணும் அவள் கணவனும் மேசையருகே வந்துவிட்டிருந்தனர். அவர்கள் காதில் விழும்படியே கேட்டேன்.

"நீங்கள் சொன்ன அன்றே நான் அவளிடம் சொல்லியிருந்தால்?"

மருத்துவர் பதிவேட்டை மூடினார்.

"பொழச்சிருப்பாங்க" என்றார். பிறகு அந்தப் பெண்ணை உட்காரச் சொன்னார்.